மேல் கிளையில் அப்பாவின் பெயர்

என் அப்பாவின் பெயரைக் கரும்பலகையின் ஆகக் கடைசி வரியில் எழுதிய குற்றத்துக்காக, போட்டி முடியும்வரை நான் என் தாய்மாமனோடு பேசவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கோபம் மட்டும் பெரியவர்கள் அளவுக்கு இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய பெத்தாங் ஆட்டம் மட்டும் போகவில்லை. சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரத்தில் வீசிவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதற்கு மிக அருகில் போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள்தான் அதில் ராஜாக்கள். சைகோன் வரை போய் வந்தவர்கள். பென்ஷனும் மெடலும் மீசையும் உள்ளவர்கள். அப்பா மில்லில் நெசவு வேலை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். கப்பலேறிப் போன யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போன குண்டுகளை வைத்திருந்தார். சொல்தாக்கள் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. 'ஏ மில்லு' என்பார்கள்.

குருசுக்குப்பத்துக்குப் பக்கத்து மைதானத்தில் அந்த வருடம் நடந்த போட்டியில் எட்டு ஜோடிகள் சேர்ந்தன. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு ஜோடி. யார் யாரோடு ஆடுவது என்று எழுதும் வேலை மாமாவுக்கு வந்தது. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். அவர் கோடு போட்டால் அளவுகோலே வெட்கப்படும். பலகையில் ஒரு மரத்தைப் படுக்கப்போட்டது போல வரைந்தார். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எட்டுக் கிளைகள். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்காகி, நான்கு இரண்டாகி, வலது ஓரத்தில் ஒரே தண்டில் போய் முடிந்தன.

"ஜெயிக்கிறவங்க பேரு அடுத்த கிளைக்குப் போவும். கடைசியில தண்டுல ஒரு ஜோடிதான் நிக்கும்" என்றார்.

படம் அழகுதான். ஆனால் மேல் நான்கு கிளைகளிலும் சொல்தாக்கள். கீழே ரொட்டிக்கடைக்காரர்கள், வாத்தியார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். எல்லோருக்கும் அடியில் அப்பா.

"எதுக்கு மாமா எங்கப்பாவ அடியில போட்ட? அழிச்சிட்டு மேல எழுது."

"மில்லுக்காரனுக்குக் கீழ எங்க பேரு வரக்கூடாதுன்னு சொல்தாங்களே வந்து சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். நீ பேசாம இரு புள்ள" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் பேச்சை நிறுத்தினேன்.

போட்டியன்று மேல் கிளைகளில் சொல்தாக்கள் தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டினார்கள். வெயிலில் குனிந்து நூல் பிடித்து அளந்தார்கள், பிரெஞ்சில் திட்டிக்கொண்டார்கள். கீழே அப்பாவும் சித்தப்பாவும் துறைமுகத்தாரையும் பிறகு வாத்தியார்களையும் அலுங்காமல் வென்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு மிஞ்சி வந்த சொல்தா ஜோடிக்குக் கையே ஓய்ந்திருந்தது. மாமா தண்டின்மேல் அப்பாவின் பெயரை எழுதியபோது எனக்குக் கால் தரையில் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

தோற்ற ஜோடியில் பெரிய மீசைக்காரர் ஒருவர். "நாங்க ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கிட்டு ஓஞ்சி போனோம். கீழ் கிளையில உன்ன எதுத்து ஆட யாரு இருந்தா, ஏ மில்லு?" என்றார். அம்மா ஆசையாகக் கறிக்குழம்பு வைத்தும் அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் மாமா பலகையை எடுத்ததுமே அப்பா வந்து நின்றார்.

"என் பேர மேல எழுது."

"மொத ஆட்டத்துலயே போயிடுவீங்க மச்சான்."

"போறேன். எழுது."

ஜெயித்தவர் கேட்கும்போது யாரும் மறுக்க முடியவில்லை. ஒரு சொல்தா ஜோடி முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கியது. எனக்கு ஒரே கொண்டாட்டம். மாமாவுக்கு ஒரு வருடம் தாமதமாகவாவது புத்தி வந்ததே என்று அவருக்கு வெற்றிலை மடித்துக்கூடக் கொடுத்தேன்.

முதல் ஆட்டமே மீசைக்காரரோடு. மற்ற ஆட்டங்களை விட்டுவிட்டு எல்லோரும் இங்கே வந்து சூழ்ந்துகொண்டார்கள். புள்ளிகள் சமமாகவே ஏறி வந்தன. கடைசிக் குண்டில் மீசைக்காரர் அப்பாவின் குண்டைத் தட்டித் தள்ளிவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அப்பாவின் பெயர் முதல் கிளையிலேயே நின்றுவிட்டது. நான் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தபோது மீசைக்காரர் அப்பாவின் குண்டை எடுத்து, தன் துண்டாலேயே மணலைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"முசியே, வருசா வருசம் மேலயே வாங்க" என்றார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

தண்டில் நின்ற பெயரைவிட இதுதான் இன்று எனக்குப் பெருமை. அன்றைக்கு அது கண்ணில் பட்டதோடு சரி.

திரும்பும்போது சைக்கிளின் முன்கம்பியில் நான். அப்பா வழி நெடுக மணியடித்துக்கொண்டே வந்தார். எதிரில் ஆளே இல்லாத தெருவிலும் அடித்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு வருகிறவர் இப்படி ஊரைக் கூட்டலாமா என்று எனக்கு மானமே போனது. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, வீடு வரும்வரை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டேன்.