மேல்வீட்டுப் பங்கு

கனடாவில் மூஸ் என்றொரு மிருகம் இருப்பதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையோரத்து மஞ்சள் பலகையில், 'கவனம், குறுக்கே வரும்' என்று கொம்பை விரித்தபடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குறுக்கே ஒருநாளும் வரவில்லை. அதைக் காட்டுகிறேன் என்று எங்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போன அந்தக் கைட் மட்டும் இன்றைக்கு என் குறுக்கே வந்தால்... சரி, விடுகிறேன். அம்மா இதை வாசிப்பா.

எனக்கு அப்போது பதினொரு வயது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம். பிரெஞ்சு பேசுகிற நகரம் அது; அதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் பாதிக்கு மேல் தமிழ்ச் சனம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டுச் சோபாவில் குடியிருந்தார். அகதிக் கேஸ் முடியாமல் இழுபட்ட அந்த வருசங்கள் முழுக்க அவரைக் கட்டடமே பார்த்தது. கீழ்வீட்டு மன்னார் அன்ரி குளிருடுப்புக் கொடுத்தா. மேல்வீட்டு அங்கிள் தான் வேலை செய்த ஹோட்டல் குசினியிலேயே அவருக்குக் கோப்பை கழுவ இடம் எடுத்துக் கொடுத்தார். மாமா எல்லாவற்றையும் வாங்கினார். வாங்கிக்கொண்டே இருக்கிறவனுக்கு முதுகு கொஞ்சம் வளைந்துதான் நிற்கும். கேஸ் சரிவந்த அன்றைக்குத்தான் அது நிமிர்ந்தது.

நிமிர்ந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம். வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தார். மூஸ் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்து கட்டடம் முழுவதற்கும் பங்கு போடப்போவதாக அறிவித்தார்.

ஊரில் ஒரு கிடாயை அடித்தால் இறைச்சி, ஈரல், எலும்பு எல்லாவற்றையும் கூறு கூறாகச் சமமாக வைத்து வீட்டுக்கொரு கூறு எடுப்பார்கள். அதுதான் பங்கு. ஊர்ப் பங்கென்றால் எல்லாரும் காசு போடவேண்டும். மாமாவின் பங்கில் அது கிடையாது.

"ஒருத்தரும் ஒண்டும் தரப்படாது. இவ்வளவு காலமும் நீங்கள் தந்தனீங்கள். இந்தமுறை நான் தாறன்," என்றார்.

ஊரில், முழங்காவில் பக்கத்துக் காட்டில் தான் பன்றி சுட்டவன் என்பதும் அவர் அடிக்கடி சொல்லும் கதை. "இவன் சுட்டதெண்டா அப்பச்சட்டியில கையைத்தான்," என்றா அம்மா.

அதற்குள் ஒரு சிக்கல் வந்தது. மேல்வீட்டு அங்கிளின் குடும்பம் முருகன் கோயில் குடும்பம். ஆடு, கோழி சாப்பிடுவார்கள். மாடு தொடமாட்டார்கள். மூஸ் மாட்டுச் சாதியா, மான் சாதியா என்று படிக்கட்டில் ஒரு மாநாடே நடந்தது. மேல்வீட்டு அன்ரி படத்தை உற்றுப்பார்த்துவிட்டு, "இதின்ர மூஞ்சையைப் பாருங்கோ, அசல் எருமை," என்றா. அதன் கொம்பு வருசா வருசம் விழுந்து முளைக்கும் என்று வகுப்பில் சொன்னதை நான் எடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் பள்ளிக்கூடப் படிப்பு உதவிய ஒரே தருணம் அது.

அங்கிள் யோசித்தார். "மாட்டுக்குக் கொம்பு விழாது. அப்ப இது மான் சாதிதான், மரை மாதிரி. நானும் பங்குக்கு வாறன்," என்றார். மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். லொத்தர் விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

வீட்டுக்கு வீடு பிரீசரைக் காலியாக்கத் தொடங்கினார்கள். ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கணவாய், இறால், போன வருசத்துப் பாரை என்று பொரிந்துகொண்டே இருந்தது. மூஸ் வர இடம் வேண்டுமே!

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்றால், பிரெஞ்சுக்கு. மாமாவுக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு. சூடு, கெதியா, பின்னால வாறன். இந்த மூன்றும் காட்டில் உதவாது. வேட்டைத் துவக்கு ஹோட்டல் சமையல்காரரிடம் இரவல் வாங்கியது. கார் அப்பாவுடையது. வடக்கே அரைநாள் ஓடி ஒரு குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாமாவிடம் முற்காசு வாங்கியிருந்த கைட்டுக்குத் தாடி நெஞ்சுவரை இருந்தது. எங்களைப் பார்த்ததும், "உங்கட நாட்டில யானை சுடுறனீங்களோ?" என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். "யானை கும்பிடுற சாமான் எண்டு சொல்லு," என்றார் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற என் மாமா.

எங்களைத் தங்கவைத்த கொட்டிலில் எலி. சாப்பாடு தகரத்துப் பீன்ஸ். விடிய முன்னம் எழுப்பி, ஈரப் பற்றைக்குள்ளால் நடத்தி, ஒரு பரணில் ஏற்றி இருத்துவான். கதைக்கக் கூடாது. இருமக் கூடாது. ஒன்றுக்குப் போகக் கூடாது. என்னைப்போல வாய் ஓயாத ஒருவனுக்கு இதைவிடச் சிறைக்கூடம் மேல். பிறகு மரப்பட்டையைப் புனல் மாதிரிச் சுருட்டி அதற்குள் வாயை வைத்து ஊளையிடுவான். ஆணைத் தேடிப் பெட்டை மூஸ் கூப்பிடும் சத்தமாம் அது.

முதல்நாளே பதில் வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நெஞ்சுக்குள்ளால் வருகிற மாதிரி ஒரு உறுமல். மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"கேட்டியே? டேய், கேட்டியே?"

"பெரிய ஆள்," என்று கைட் இரகசியமாகச் சொன்னான். "ஆனா கெட்டிக்காரன். நாளைக்கு வருவான்."

அடுத்த நாளும் இவன் கூப்பிட்டான், அவன் உறுமினான். அடுத்த நாளும் 'நாளைக்கு'. கூப்பிடாத நேரமெல்லாம் கைட் பரணில் சாய்ந்து குறட்டை விட்டான். அந்தக் குறட்டைக்கும் ஒரு பெட்டை வந்திருக்கும். மாமா மட்டும் கண் மூடவில்லை. எந்தக் கூறு யாருக்கு என்று இரகசியக் குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரல் கீழ்வீட்டுக்கு. நெஞ்செலும்பு எங்களுக்கு. "மேல்வீட்டுக்குத் தொடை. நல்ல தொடை."

கடைசிநாள் காலை உறுமல் கேட்டதும் மாமா பொறுமையிழந்தார். கைட் நித்திரை. என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். குளத்தைச் சுற்றி, முழங்கால் சேற்றுக்குள்ளால், மூச்சைப் பிடித்துக்கொண்டு போனோம். மேட்டில் ஏறினால், முன்னால் செடி அசைந்தது. மாமா துவக்கை நிமிர்த்தினார்.

செடிக்குள்ளிருந்தும் ஒரு துவக்கு நிமிர்ந்தது.

இரண்டு பக்கமும் வேட்டைக்காரர் கட்டாயம் போடுகிற செம்மஞ்சள் அங்கி போட்டிருந்தபடியால் இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன். மாமா என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். அந்தப் பக்கத்தில் ஒரு இத்தாலியக் கிழவர், பின்னால் அவருடைய மகன். கிழவர் துவக்கை மெல்ல இறக்கிச் சிலுவை அடையாளம் போட்டார். என் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"நீங்கள்தானோ அந்தப் பெட்டை எண்டு கேக்கிறார்."

விசயம் இதுதான். அவர்களுக்கும் ஒரு கைட். எங்கள் கைட்டின் மச்சான். இவன் இந்தப் பக்கம் பெட்டையாக ஊளையிட, அவன் அந்தப் பக்கம் ஆணாக உறும, இரண்டு பக்கத்து ஏமாளிகளும் நாள்கணக்காகப் பரணில் குந்திக்கொண்டு புல்லரித்திருக்கிறோம். அந்தக் காட்டில் மூஸ் என்று இருந்தவை அந்த இரண்டு மச்சான்மாரும்தான்.

கொட்டிலுக்குத் திரும்பியதும் கிழவர் வெடித்தார். இந்த ஊரில் மாதா கோயில் சாமான்களையெல்லாம் தூசணமாக்கி வைத்திருக்கிறார்கள். பேழை, பாத்திரம், அப்பம் என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் எடுத்துக் கைட்டின் தலையில் போட்டார். நானும் எனக்குத் தெரிந்த "தபர்நாக்"கை, அதாவது அந்தப் பேழையை, சேர்த்துப் போட்டேன். கைட் சிரித்தான். "வேட்டை எண்டா இப்பிடித்தான். மூஸ் சுப்பர்மார்க்கெட்டில வைக்கிற சாமான் இல்லை." பிறகு சுவரிலிருந்த பழைய கொம்பைக் கழற்றிக்கொண்டு வந்து, "போட்டோ எடுக்கப் போறியளோ? எல்லாரும் எடுக்கிறவை," என்றான்.

மாமா வேண்டாமென்று தலையாட்டினார். அவன் நீட்டிய கையைக் குலுக்கினார். "மெர்சி," என்றார்.

மெர்சியாம்! எனக்கு இரத்தம் கொதித்தது. சுடப் போன மனுசன், கள்ளனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார். "ஏன் மாமா அவனைப் பேசேல்லை?" என்று வழியெல்லாம் கேட்டேன். சந்-ஜெரோம் என்ற ஊர் தாண்டியதும் காரை மெதுவாக்கினார். பிறகு சொன்னார், "சனம் சட்டியை அடுப்பில வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்கும்."

கார் வீட்டுக்குப் போகவில்லை. பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் ஒரு மொரோக்கோக்காரரின் இறைச்சிக்கடையில் நின்றது. மாட்டிறைச்சி, எலும்போடு, காட்டில் வெட்டின மாதிரிப் பெரிய பெரிய துண்டாக வேண்டும் என்று என்னைச் சொல்லச் சொன்னார். கடைக்காரர் வெட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"மாமா, இது பொய்யெல்லே?"

"வாயைப் பொத்து."

கட்டி முடிந்ததும் மாமா அசையாமல் நின்றார். தாடையைத் தடவினார். "ஆடு இருக்கோ எண்டு கேள். ஒரு முழுத்தொடை." இருந்தது. கடைக்காரர் அதே கட்டையில் போட்டுக் கத்தியை ஓங்கினார்.

"நிப்பாட்டு!" என்று மாமா தமிழிலேயே கத்தினார். "கத்தியைக் கழுவச் சொல்லு. கட்டையையும்."

கடைக்காரர் துணியால் துடைத்தார்.

"துடைக்கிறேல்லை. சுடுதண்ணி. சுடுதண்ணியில கழுவச் சொல்லு."

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. தன் கடையில் ஊத்தை இல்லை, இறைச்சிக்கு இறைச்சி என்ன தீட்டு என்று பேசினார். பின்னால் வரிசை முறுமுறுத்தது. கைட்டிடம் பூனைக்குட்டியாக நின்ற அதே மனுசன் இங்கே கண்ணாடிப் பெட்டியில் அடித்தார். "இது மேல்வீட்டுக்குப் போற பங்கு. அவை மாடு தொடாத ஆக்கள். கழுவாட்டி எனக்கு வேண்டாம் எண்டு சொல்லடா!" நான் சொன்னேன். கடைக்காரர் உள்ளே போய்ச் சுடுதண்ணி கொண்டுவந்து கழுவினார். மாமா எட்டிப் பார்த்து இன்னொருதரம் கழுவச் சொன்னார். கழுவினார்.

பிறகு காரின் தரைவிரிப்பில் கிடந்த பைன் ஊசிகளைப் பொறுக்கி மாட்டிறைச்சிப் பைகளுக்குள் ரெண்டு ரெண்டாகப் போட்டார். அதுதான் காடு.

பங்கு போட்டாயிற்று. வீட்டுக்கு வீடு சட்டி கொதித்தது. அம்மா பைன் ஊசியை இறைச்சியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. தம்பியைப் பார்த்தா. மிளகாய்த்தூளை இன்னொரு கரண்டி போட்டா.

அடுத்தநாள் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் சண்டையே வந்துவிட்டது.

"மாட்டிறைச்சி மாதிரித்தான். ஆனா ஒரு மூலிகை வாசம் அடிக்குது," என்றா மன்னார் அன்ரி.

"மாடு மாதிரியோ? பிள்ளை, அது அப்பிடியே ஆட்டிறைச்சி," என்றார் மேல்வீட்டு அங்கிள்.

"அண்ணை, உங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சு."

"உமக்குத்தான் செத்துப்போச்சு. இனி மூஸ் எண்டா ஆடு மாதிரித்தான் எண்டு கோயிலிலயும் சொல்லப்போறன்."

என்னால் தாங்க முடியவில்லை. காட்டில் ஒருத்தன் ஏமாற்றினான், அவனுக்கு மெர்சி. வீட்டில் ஒருத்தர் ஏமாற்றுகிறார், அவருக்கு மூலிகை வாசம். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், என் வாய்க்குப் பூட்டு. அங்கிள் உடுப்புக்கூடையோடு தனியாகப் படியேறும்போது பின்னால் ஓடினேன்.

"அங்கிள், உங்களுக்குத் தந்தது மூஸ் இல்லை. ஆடு."

"அது எனக்குத் தெரியாதே? பல்லு முளைச்ச நாளில இருந்து ஆடு தின்னுறவன் நான்."

"அப்ப ஏன் மூஸ் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியள்?"

"அவன் மூஸ் எண்டுதானே தந்தவன்." இரண்டு படி ஏறினார், நின்றார். "மற்ற வீடுகளுக்கும் ஆடுதானோ?"

"இல்லை. மாடு."

கூடையைப் படியில் வைத்தார். முகம் மாறிப்போயிற்று. "ரெண்டும் ஒரே கடையிலயோ வெட்டினது?"

இதோ வருகிறது என்று சந்தோசமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தி, கட்டை, சுடுதண்ணி, கடைக்காரர் பேசிய பேச்சு, வரிசையில் நின்ற சனம், மாமா கண்ணாடியில் அடித்தது, திரும்பவும் கழுவவைத்தது. அங்கிள் கூடைக்குப் பக்கத்தில் படியில் குந்தினார். முடிந்ததும், "மாமா வேலையால எத்தனை மணிக்கு வருவான்?" என்று மட்டும் கேட்டார். "வந்த உடனை மேல வரச்சொல்லு."

சரியான விசாரணை நடக்கப்போகிறது என்று நானும் மாமாவின் பின்னாலேயே ஏறினேன். இதைத் தவறவிட நான் என்ன விசரனா? மேல்வீட்டு அன்ரி தட்டில் சோறு போட்டு வைத்திருந்தா. அங்கிள் தன் கையாலேயே சட்டியிலிருந்து கறியை அள்ளினார். மூளை உள்ள எலும்பாகத் தேடித்தேடிப் போட்டார்.

"இருந்து சாப்பிடடா. நல்ல மூஸ்."

மாமா அங்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது சூடேறியது. மாமா தட்டைத் தன்பக்கம் இழுத்தார். குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

நான் பிரிஜ்ஜில் சாய்ந்துகொண்டு நின்றேன். இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று பார்த்தேன். அங்கிள் இன்னொரு கரண்டி போட்டார். "உனக்கும் போடட்டோ தம்பி?" என்று அன்ரி கேட்டா. வேண்டாம் என்றேன். ஏமாற்றினவர் சப்பணம் கட்டிக்கொண்டு எலும்பு உறிஞ்சுகிறார். ஏமாந்தவர் பக்கத்தில் நின்று பரிமாறுகிறார். இந்தச் சனத்துக்குச் சூடு சுரணையே கிடையாது, இவர்களை அந்தக் கைட் ஏமாற்றியது நல்ல வேலை என்று முடிவுகட்டிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

பாதிப் படி இறங்கியபோது உள்ளே இரண்டுபேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.