குடிலுக்குள் வைஃபை

ஜீனத் எங்கள் கீழ்வீட்டுக்காரி. அவள் தைக்கிற ஜாக்கெட்டுக்குப் பாலக்கரையிலேயே ஈடு கிடையாது. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. குவைத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் நசுருதீனுக்கும் அப்படித்தான். இருவரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். போனைப் பிடித்தால் ஒரு கை போச்சு, அதனால் எப்போதும் லேப்டாப்தான். வைஃபை எங்கள் மாடியிலிருந்து அவளுக்கும் சேர்த்து.

அவர்கள் குழந்தை ஷஹனாஸுக்கு எட்டு மாதம். நன்றாகக் காது கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீனத் மெசேஜ் அனுப்பியும் நசுருதீனுக்கு மனசு ஆறவில்லை. என் கண்ணால் பார்க்கணும் என்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பதாகச் சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்தா வைஃபை போகணும்!

இடுப்பில் பிள்ளையும் கையில் லேப்டாப்புமாக ஜீனத் மேலே ஓடிவந்தாள். முகம் அழுகிற மாதிரி இருந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டோம். பாஸ்வேர்டை மறுபடி அடித்தோம். ஒற்றைக் கோடு வந்தது. நசுருதீன் முகம் அரைகுறையாகத் தெரிந்து, அப்படியே உறைந்து, போய்விட்டது.

"ஏங்க, வைஃபை பெட்டி எங்கங்க?" என்றேன், என் வீட்டுக்காரர் சவரிமுத்துவிடம்.

"கிறிஸ்துமஸ் குடிலுக்குள்ள வச்சிருக்கேன் லூர்து. பச்சை லைட்டு மின்னுதுல்ல, நட்சத்திரம் மாதிரி அம்சமா இருக்கு."

தகரத்தை வளைத்து மலை கட்டி, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, அதற்குள் பெட்டி. சிக்னல் எந்த வழியாக வெளியே வரும்?

"அட மாதாவே! புத்தி எங்க போச்சு உங்களுக்கு? அந்தப் புள்ள குவைத்துல தவிச்சுக்கிட்டிருக்கு!"

மலையைப் பிய்த்தேன். ஆட்டு பொம்மை, ராஜா பொம்மை எல்லாம் உருண்டன. பெட்டியை எடுத்து மேசையில் வைத்ததும் லேப்டாப்பில் கோடுகள் நிறைந்தன. நசுருதீன் மறுபடி வந்தான்.

ஜீனத் பிள்ளையைத் திரைப் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று, "ஷஹனாஸ்! அடி என் தங்கமே!" என்றேன். குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது. நசுருதீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பிறகு அவன் என்னைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. ஜீனத் அதைப் போனில் தட்டிக் காட்டினாள்.

"தினமும் இவகிட்டப் பேசுங்கக்கா. எங்களால பேச்சு சொல்லிக் குடுக்க முடியாதுல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினேன்.

"வாடி கண்ணு. ஒங்க பெரியப்பா இன்னைக்குப் பண்ணுன கூத்தைச் சொல்றேன், கேளு."