சிக்கந்தரின் தும்மல்

நேற்று வத்திராயிருப்பு பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருமுனையில் குட்டியானை வண்டியிலிருந்து ஐஸ்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுத் துக்கமோ, தெரியாது. ஒதுங்கிப் போகவேண்டிய மனுஷன், உள்ளேயிருந்து தும்மல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள்; சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிக்கந்தர் என் கூட்டாளி. டிவிக்கு ஒரு சிரிப்புத் தொடர் செய்யலாமென்று நாங்கள் எடுத்த மாதிரி எபிசோடில் அவன்தான் நாயகன். கதை என்னுடையது. என்ன பெரிய கதை! மச்சினன் கல்யாணத்துக்குப் போகப் பிடிக்காதவன் செத்த மாதிரி படுத்துக்கொள்கிறான். ஐஸ்பெட்டிக் குளிர் தாங்காமல் தும்மி எழுகிறான். அந்தத் தும்மலை சிக்கந்தர் துணி அளந்துகொண்டே பழகினான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தும்மிக் காட்டி, "சிரிப்பு வருதா?" என்பான். ஊரையே சிரிக்க வைக்கவேண்டும், அதுதான் அவன் ஆசை.

டிவிக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இயக்குநர் விடுவாரா? எடுத்ததை வீணாக்காமல், முன்னும் பின்னும் அழுகைக் காட்சிகளைச் சேர்த்து முழுநீளப் படமாக்கிவிட்டார். படம் வருகிறது என்பதைத் தவிர எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கு சிக்கந்தர் குடும்பத்தோடு வந்திருந்தான். ஐஸ்பெட்டி வந்ததும் சனம் விசும்பியது. அவன் மனைவி மும்தாஜ் மட்டும் பக்கத்து சீட்டு அம்மாளிடம், "அழாதீய, செத்த பொறுங்க, இப்பத் தும்முவாவ" என்றாள். தும்மலை வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் எழவே இல்லை.

இடைவேளையில் முன்பின் தெரியாத ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் போனதும் சிக்கந்தர் என்னைக் கேட்டான்: "ஏலே, நான் நல்லா நடிச்சிருக்கேனா, இல்லையாலே?"

போன வருஷம் மெய்யாகவே போய்விட்டான். ஐஸ்பெட்டியெல்லாம் கிடையாது, மதியத் தொழுகையோடு எடுத்துவிட்டார்கள். தூக்கும்போது வாசலில் நின்ற மும்தாஜ், "இப்பவும் வெட்டிட்டாவளாண்ணே?" என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டியது, அழுகையும் முட்டியது. ரெண்டும் வெளியே வரவில்லை.

அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. படம் மட்டும் போனில் கிடைக்கிறது. அதில் அவன் செத்தேதான் கிடக்கிறான். தும்மி எழுந்த காட்சியாவது இருக்குமா என்று கேமராக்காரரிடம் கேட்டேன். அந்த மெமரி கார்டை அப்போதே அழித்துவிட்டு, யாருடைய கல்யாணத்தையோ அதில் எடுத்துவிட்டாராம்.