நான்கு நாளங்களையும் தேடிய கமலேஸ்வரி அக்கா

புது அரிசியோடு கல்லடிக்குப் போனவர்தான் எனக்குச் செய்தி சொன்னார். உன்னிச்சையில் வயல் செய்கிற தவராசா ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் ஒரு பை அரிசியைக் கமலேஸ்வரி அக்காவின் வீட்டில் வைத்துவிட்டு வருவார். அன்று காலை அவர் போனபோது வாசலில் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். "மிஸ், நம்மட எக்கோ மிஸ் போயிட்டா" என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு, இந்த அரிசியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்த அறை நினைவிருக்கும். பட்டப்பகலிலும் திரை இழுத்த அரையிருட்டு. இயந்திரத்தின் வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக அசைந்துகொண்டிருக்கும். இதயத்துக்குள் இரத்தம் ஓடுவதை எக்கோவில் பார்ப்பது அவருடைய தொழில். ஆனால், தூரத்தில் வருகிற தோணியை இன்னாருடையதென்று மட்டுக்கட்டுகிறவர்போலத்தான் அவர் அந்தத் திரையைப் பார்ப்பார். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவார். "கனவு காணுற மிஸ்" என்று பெயர் வைத்திருந்தோம். அது தெரிந்தும் அவர் கோபித்ததில்லை.

ஒருநாள் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், இதயத்தில் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது என்று அனுப்பப்பட்டு, பயந்துபோய் வந்தார். நான் பிள்ளைகள் வாட்டுத் தாதி. ஆள் குறைந்ததால் அன்று உதவிக்குப் போயிருந்தேன். டொக்டர் சொன்னபடி உப்புநீரைக் குலுக்கி அவருடைய இடது கையில் ஏற்றினோம். திரையின் கருமையில் வெள்ளைக் குமிழிகள், விண்மீன்களைத் தூவியதுபோல, நாங்கள் எதிர்பார்த்த வாசலால் வராமல் இதயத்தின் பின்புறத்தில் முதலில் தோன்றின. டொக்டரும் பார்த்துச் சொன்ன பிறகு அக்கா அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, "காக்கா, உங்களுக்கு ஒண்டும் குறையல்ல, ஒண்டு கூட இரிக்கி" என்றார். பிறக்குமுன் எல்லோருக்கும் இடப்பக்கத்தில் அப்படியொரு நாளம் இருக்கும், மற்றவர்களுக்கு அது மறைந்துவிடும், உங்களுக்கு மறையவில்லை, அதனால் கெடுதியில்லை என்று விளக்கினார். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, இத்தனை காலமும் தெரியாமலே வசதியாக வாழ்ந்திருக்கிறேன் என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

எல்லா வித்தியாசமும் அப்படி இரக்கமுள்ளதல்ல. பதினொரு வருடங்களுக்கு முன் களுவாஞ்சிக்குடி வசந்தியின் ஆண்குழந்தை எங்கள் வாட்டுக்கு வந்தது. பிறந்து ஒருநாள். மூச்சு வேகமாக இருந்தது, உதடு நீலம். நெஞ்சுப் படம் மங்கலாக இருந்ததால் சளிக்காய்ச்சல் என்று மருந்து தொடங்கினார்கள். எக்கோவில், பச்சைக் குழந்தைகள் பலருக்கும் இருப்பதுபோல, இதயத்தின் மேலறைகளுக்கிடையே ஒரு துவாரம் தெரிந்தது. இடது மேலறை சிறிதாக இருந்ததையும் அக்கா கண்டார். நுரையீரலிலிருந்து சுத்தமான இரத்தத்தோடு அந்த அறைக்கு வந்துசேர வேண்டிய நான்கு நாளங்களை மட்டும் அவர் தேடவில்லை. குழந்தை அழுதது, வெளியே வரிசை நீண்டிருந்தது. மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. அந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து, இதயத்துக்கு வராமல், கீழே ஈரலுக்குப் போயிருந்தன என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னையும் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடி வழியாகப் போகும் கல்முனை பஸ்ஸில் ஏறினார். வசந்தியின் வீட்டில், கொடுத்த கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

"நான் அந்த இடத்தப் பாக்கல்ல, தங்கச்சி. கண்டிருந்தாலும் பிள்ள தப்பியிருக்கும் எண்டு சொல்ல ஏலா. ஆனா நான் பாக்கல்ல."

வசந்தி அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னிடமும் சொல்ல ஒன்று இருந்தது. பிள்ளை வாட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் அவள் என் கையைப் பிடித்து, பிள்ளைக்கு என்ன என்று கேட்டபோது, டொக்டரிடம் எதையும் கேட்காமல், வெறும் சளிதான், சுகமாகிவிடும் என்று சொன்னவள் நான். ஒட்சிசன் கொடுத்தும் நீலம் குறையாததைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். அன்று அந்த வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அக்கா சொன்னது இரண்டு பேருக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வெளிக்கிடும்போது வசந்தி, "இனி வாற பிள்ளையளப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்துத் தவராசாவின் மகள் கைக்குழந்தையாக வந்தாள். அதே மூச்சு, அதே நீலம், அதே மங்கல் படம். குழந்தை களைத்துப்போகிறது, வாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று வாட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். "நாலையும் நான் இன்னும் காணல்ல. கண்டாப்பிறகு அனுப்புறன்" என்றார் அக்கா. கருவியில் பூசும் களியைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கி, குழந்தையின் வயிற்றில் தடவினார். நான் அந்தச் சிறிய கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறையில் நேரம் நின்றுவிட்டதுபோல இருந்தது. சாம்பல் நிறப் புகைக்குள் அவர் எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தார். கடைசியில், இதயத்தை நோக்கி ஏறுகிற நீலத்துக்குப் பக்கத்தில், கீழே இறங்குகிற மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அக்கா திரையைத் தொட்டு, "இந்தா போகுது" என்றார்.

டொக்டர் வந்து பார்த்து உறுதிசெய்தார். அடுத்த மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் கொழும்புக்குப் புறப்பட்டது. நானும் கூடப் போனேன். அன்றே சத்திரசிகிச்சை செய்து, கீழே போன அந்த நாளத்தை இடது மேலறையோடு தைத்து இணைத்தார்கள். பிள்ளை தப்பினாள். இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறாள். குளக்கட்டில் அண்ணன்மாரை முந்தி ஓடுகிறாளாம்.

நான் திரும்பி வந்து சொன்னபோது அக்கா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தில் தனியாக நின்ற அவரைக் கண்டேன். வாவி அசைவில்லாமல் கிடந்தது. மேகங்கள் பாலத்துக்குக் கீழே மெல்லப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் போய் நின்றேன். "மத்தப் பிள்ள இரிந்தா இப்ப நடப்பான் கா" என்றார்.

அவர் ஓய்வுபெற்று மூன்று வருடம். அதில் கடைசி எட்டு மாதம் நோயில் போனது. போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். விழித்ததும், விட்ட இடத்திலிருந்து சரியாகக் கேட்பார்.

இறுதிச் சடங்குக்கு வசந்தி வந்திருந்தாள். தவராசா சொல்லியனுப்பவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தக் குழந்தை இறந்த நாளில் அக்கா களுவாஞ்சிக்குடிக்குப் போய்வந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. வேலியோரத்தில் அவளிடம் போனேன். உன் பிள்ளைக்கு என்னவென்று தெரியாமலே சுகமாகிவிடும் என்று சொன்னவள் நான்தான் என்றேன். நீலம் குறையாததைக் கண்டும் சொன்னேன் என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியும், மிஸ். நீங்க சொன்னத நம்பித்தான் அண்டைக்கு ஒரு மணித்தியாலம் படுத்தன். பிள்ள உசிரோட இரிக்கக்குள்ள நான் கொண்ட கடைசி நித்திர அது."

அதை நன்றியாகச் சொன்னாளா குற்றமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, பறையோடு ஊர்வலம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா கற்ற கலை எனக்கு வராது. அந்தத் திரையில் இன்றும் எனக்குப் புகைதான் தெரிகிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, இழந்தவள் முன்னால் உட்காராமல் நின்று, காணாததைக் காணவில்லை என்று சொன்ன அந்த வாயைத்தான். அவருக்கு அதற்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது.