நாலடி வாசக்கால்

திருத்தணியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத்தான் பத்மாவின் பாடு புரியும். மலைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டால், கிருத்திகைக்குக் கிருத்திகை பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற இடத்தை உங்களுக்கு மாசக் கணக்கில் விட எங்களுக்கென்ன பைத்தியமா என்பார்கள். ஸ்டேஷன் பக்கம் போனால் மாடிதான் காலி என்பார்கள். எல்லாம் கூடிவந்து, குழாயில் தண்ணீரும் வந்து, வீட்டுக்காரம்மா காபி வரைக்கும் கொடுத்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். வீட்டில் யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. அந்தக் கேள்வியில்தான் அவள் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டாள்.

பத்மாவுக்குப் பொய் வராது. மணவூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மேலதிகாரி திடீரென்று வந்து நின்றால், அவர் கரண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே, இன்றைக்குச் சாம்பாரில் உப்பு கம்மி சார் என்று சொல்லிவிடுகிற ஜாதி. இருபத்தெட்டு வருஷமாக அப்படியே பிழைத்தாயிற்று. ஐம்பத்து நாலு வயசில் பொய் பழக வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது.

புருஷன் நாகேந்திரன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயசிலிருந்து பாவா என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்த ரூட்டில் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பதெல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. வாய் ஓயாது. தமிழில் டிக்கெட் கொடுத்து, தெலுங்கில் சில்லறை கேட்பார். சர்க்கரை வியாதியில் வலது கால் முட்டிக்குக் கீழே போனபோதும் அந்த வாய் மட்டும் குறையவில்லை.

அவர்கள் சொந்த வீடு மலையடிவாரத்தில், தெருவிலிருந்து பதினேழு படி ஏறிப் போகிற வீடு. கால் போன பிறகு ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். "கடைசியா தூக்கறதுக்கு இப்பவே பழகிகினு இருக்கானுங்க" என்று நாகேந்திரன் சிரிப்பார். பத்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் நடுப்படியில் நாற்காலி சாய்ந்து அவர் நெற்றி சுவரில் மோதியது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த வீட்டை விற்பது, ஆர்.கே.பேட்டை ரோட்டில் சும்மா கிடக்கிற மனையில் ஒற்றைப் படிகூட இல்லாமல் ஒரு வீடு கட்டுவது, அதில் பாவா தன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்வது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் கிட்னியும் கெட்டுக்கொண்டு வந்தது. அது நடப்பதற்குள் அவர் இருக்க வேண்டுமே என்று உள்ளூர ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டை வாங்கியவர்கள் ஆடி பிறப்பதற்குள் குடிவர வேண்டும் என்று நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? அதே ஆடிக்குப் பயந்து இவர்களும் ஆனிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். புது வீடு முடிகிற வரைக்கும் ஆறேழு மாசத்துக்கு ஒரு கூரை கேட்டு அவள் ஏறி இறங்காத தெரு இல்லை.

முதல் வீட்டில் உள்ளதைச் சொன்னாள். கால் இல்லை, சர்க்கரை, கிட்னியும் கொஞ்சம். சாயங்காலமே போன் வந்தது, ஊரிலிருந்து எங்கள் பெண் வருகிறாள், வீடு எங்களுக்கே வேண்டும் என்று. இரண்டாவது வீட்டுக்கும் ஒரு பெண் வந்தாள். இப்படி ஊர்ப்பட்ட பெண்கள் ஒரே வாரத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் மாப்பிள்ளைகள் கதி என்ன ஆவது? மூன்றாவது வீட்டம்மாதான் மனசுவிட்டுப் பேசினாள். முன்பு குடியிருந்தவர்களின் பெரியவர் ஆகாத நட்சத்திரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஐயர் சொன்னபடி ஆறு மாசம் அந்தப் போர்ஷனை அடைத்துப் போட்டு விளக்கேற்றினார்களாம். அதற்கப்புறமும் ஒரு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது, என் கஷ்டத்தையும் நீ பார் என்றாள். பத்மா எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் அழுததை ரயில்வே கேட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நாலாவது வீடு ஹேமாவதியம்மாளுடையது. கீழே தரைமட்டத்தில் இரண்டு அறை, மாடியில் அந்த அம்மாள் தனியாக. புருஷன் இல்லை, கறாரான மனுஷி. வழக்கமான கேள்வி வந்தது.

"சக்கரை மட்டுந்தாங்க. எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றாள் பத்மா. சொல்லும்போது அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

பால் காய்ச்சின அன்று நாகேந்திரனுக்குப் பேண்ட் மாட்டி, செயற்கைக் காலைக் கட்டி, ஷூவும் போட்டு அழைத்துவந்தாள். அந்தக் கால் அவருக்கு எப்போதுமே சேராது, பத்து அடி வைத்தால் புண்ணாகிவிடும். ஆட்டோவிலிருந்து அடுப்படி வரைக்கும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே நடந்தார். கதவைச் சாத்தியதும் காலைக் கழற்றினால், காலுறையில் ரத்தம். சக்கர நாற்காலியை மடித்து, இருட்டிய பிறகு பாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். நான் வேலைக்குப் போயிருக்கும்போது வெளியே வந்துவிடாதே பாவா, இந்த வீடும் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆங், சரி" என்றார் அவர். ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கிய மனுஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோமே என்று ரயிலில் போகும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பினால் அவர் மட்டும் சந்தோஷமாகத்தான் இருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது, மூலை வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஜன்னல் பக்கமே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், பாவம், என்று நினைத்துக்கொள்வாள்.

வீடு கட்டுகிற வேலையைத் தம்பி தணிகைமணியிடம் விட்டிருந்தாள். அவன் மேஸ்திரி. தலைவாசல் நாலடி அகலம் வேண்டும் என்று அக்காள் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான், நீ கட்டுவது வீடா லாரி ஷெட்டா என்றான். அவள் மசியவில்லை. கை இடிக்காமல் பாவா தானே தள்ளிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் வாசக்கால் வைக்க நாள் குறித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க வேண்டும். நாகேந்திரன் ஒரு வாரம் முன்னாலேயே சட்டையை எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு அப்போது வெட்டின காலின் முனை வீங்கி, செயற்கைக் கால் ஏறவே இல்லை. போவதென்றால் சக்கர நாற்காலியில்தான் போக வேண்டும், பட்டப்பகலில், ஹேமாவதியம்மாள் மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தில். பத்மா இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் அவளால் முடியவில்லை.

"இன்னும் மூணு மாசம்தான் பாவா. கிரகப்பிரவேசத்துக்கு நானே தள்ளிகினு போறேன்" என்றாள்.

அவர் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டார். தம்பியும் அவன் பெண்டாட்டியும் அவர்கள் இடத்தில் நின்று பூஜை செய்தார்கள். பத்மா பக்கத்தில் நின்று தேங்காய் வாங்கிக்கொண்டாள். வந்தவர்களிடம் அவருக்குக் காய்ச்சல் என்றாள். பொய் இப்போது நன்றாகவே வந்தது. செல்போனில் வாசக்காலைப் படம் எடுத்துவந்து காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், மஞ்சள் இன்னும் கொஞ்சம் பூசியிருக்கலாம் என்றார்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பத்மா ஆட்டோவுக்குப் போன் செய்தாள். அதற்கப்புறம் அவள் செய்ததைச் சொல்லவே எனக்கு நா எழவில்லை. வீங்கின காலில் அந்தச் செயற்கைக் காலைத் திணித்துக் கட்டினாள், அதற்கு மேல் பேண்ட்டை மாட்டினாள். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்குப் பத்து நிமிஷம் இதிலேயே போனது. அவரோ அவள் தலையைத் தடவிக்கொண்டே காலை நீட்டிக் கொடுத்தார். மாடியிலிருந்து ஹேமாவதியம்மாள் எட்டிப் பார்த்து என்ன ஏது என்று கேட்டபோது, லேசான காய்ச்சல், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றாள்.

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் போய்விட்டார்.

எங்கே கொண்டுபோவது என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். பழைய வீட்டில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். வாடகை வீட்டு வாசலை நினைக்கவே அவளுக்குத் தைரியம் இல்லை, ஆறு மாசம் அடைத்துப்போட்ட அந்தப் போர்ஷன்தான் கண்முன் வந்தது. ஆர்.கே.பேட்டை ரோடு என்றாள். கூரை இல்லாமல் நாலு சுவராக நின்ற வீட்டில், மழைக்குத் தார்ப்பாய் கட்டி, சிமெண்ட் மூட்டைகளை ஒதுக்கி, தணிகைமணி இடம் செய்தான். இன்னும் பால் காய்ச்சாத வீட்டுக்குள் முதல்முதலாகப் பிணத்தையா கொண்டுவருவது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கல்யாணமாகி ஓசூரில் இருந்து, ராத்திரியே புறப்பட்டு வந்த மகள் புவனாவும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு வூடு இது. அவருக்கு முன்னாடி வேற யாரு வர்றது?" என்றாள் பத்மா.

பதினோரு மணிக்கு ஹேமாவதியம்மாள் மாலையோடு வந்து இறங்கினாள். பத்மா எழுந்து, உங்கள் வீட்டில் சாவு ஒன்றும் நடக்கவில்லை அம்மா என்று கைகூப்பினாள். அந்த அம்மாள் மாலையைப் போட்டுவிட்டு வந்து அவள் கையை இறக்கினாள்.

"நம்ம வூடு இருக்கும்போது ஏன் பத்மா தார்ப்பாய்க்குக் கீழ கொணாந்து வெச்சே? எனக்கு எல்லாம் தெரியும். நீங்க வந்த ரெண்டாவது வாரமே அவரே என்னக் கூப்ட்டு சொல்ட்டாரு. என் பொண்டாட்டிக்குப் பொய் வராது, எனக்கோசரம் கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்லிட்டா, காலி பண்ணணும்னா என்கிட்ட சொல்லுங்க, அவகிட்ட வேணாம்னாரு. கோவம்தான் வந்துச்சு எனக்கு. ஆனா அவரு பேச்சுக்கு முன்னாடி கோவம் எங்க நிக்கும்? நீ ரயிலுக்குப் போனதும் நான்தான் நாற்காலிய எடுத்துப் போடுவேன். நாலு மணி வரைக்கும் கேட்டாண்ட உக்காந்து தெருவையே கூட்டி வெச்சுப் பேசிகினு இருப்பாரு. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. அவ பட்ட பாடு வீணாயிடும்னாரு."

பத்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே பூட்டி வைக்கவில்லை, பாவா வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், நாலு பேரோடு பேசியிருக்கிறார். ஒரு நிமிஷம் அவள் நெஞ்சு லேசானது. ஆனால் ஹேமாவதியம்மாள் இன்னும் முடிக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம், அவளுக்கும் துக்கம், சொல்லிவிட்டாள்.

"வாசக்கா வெச்ச அன்னிக்கு சட்டை போட்டுகினு ஜன்னலாண்ட உக்காந்திருந்தாரு. ஆட்டோ சொல்லட்டா, நான் கூட்டினு போறேன்னு ரெண்டு தடவ கேட்டேன். வேணாம்மா, நாலடி வெச்சது அவ, அவதான் என்னத் தள்ளிகினு போவணும்னாரு."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பார்த்து, சாய்த்துப் பிடியுங்கள், இடிக்கும் என்று தணிகைமணி பழக்கதோஷத்தில் கத்தினான். சாய்க்க வேண்டியிருக்கவில்லை. தூக்கினவர்கள் பக்கத்துக்கு இரண்டு பேராக நின்றும் வாசக்காலில் யார் தோளும் படவில்லை. பெண்கள் அதோடு நின்றுகொள்ள வேண்டும். மஞ்சள் மழையில் கரைந்துபோயிருந்த அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு பத்மா நின்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாவா. அந்தம்மாவாண்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊர்வலம் ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.