தொண்ணூற்றாறில் கொதித்த தண்ணீர்

கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பமானியைப் பிடித்திருந்த மாணவி கழுத்தைச் சாய்த்து ஒருமுறை பார்த்தாள், குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல, "டீச்சர், இது தொண்ணூத்தாறுக்கு மேல ஏற மாட்டேங்குதுங்க" என்றாள். அவள் பதினொன்றாம் வகுப்பின் தலைவி. கரும்பலகை துடைப்பது முதல் சண்டை விலக்குவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. இன்றும் அவளை நினைத்தால் அந்தச் சாய்ந்த கழுத்தும் ஆவியில் நனைந்த நெற்றி மயிரும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

கொல்லிமலையின் அரசுப் பள்ளியொன்றில் அப்போது நான் இயற்பியல் ஆசிரியை. சமவெளியில் பிறந்து வளர்ந்தவள், வேலைக்காக மலையேறியவள். தண்ணீர் ஏன் அங்கே நூறு டிகிரிக்கு முன்பே கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம், பிள்ளைகளும் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் எப்போது காலியாகும், எப்போது நிரம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடைமழையில் மண் சரிந்தால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் பாதி ஆசிரியர்கள் வரமாட்டார்கள். ஆசிரியர் வாயிலிருந்து விடை விழுவதற்காகக் காத்திருந்தே பழகிய பிள்ளை, ஆசிரியர் இல்லாத நாளில் என்ன செய்யும்? நான் மலைக்கு வந்த நாளிலிருந்து என்னை உறுத்திய கேள்வி அது. அதனால் அன்று பதில் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து எழுதக்கூடிய ஓர் ஆன்லைன் ஷீட்டைத் திறந்து, அதன் தலைப்பில் "இந்தத் தண்ணீர் ஏன் நூறுக்குப் போகவில்லை?" என்று மட்டும் எழுதி, வகுப்பின் வாட்ஸப் குழுவில் லிங்க்கைப் போட்டேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு ஷீட்டில் நான் எதுவும் எழுதமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

போன் என்பது அங்கே பிள்ளைகளின் சொத்து இல்லை. அப்பா மிளகுத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு, அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்த பிறகு கைக்குக் கிடைப்பது. கிடைத்தாலும் சிக்னலுக்கு ஏதாவது ஒரு பாறைமேல் ஏற வேண்டும். அப்படியிருந்தும் ஷீட் நிரம்பத் தொடங்கியது. வெப்பமானி கெட்டுப்போயிருக்கும் என்று ஒருத்தி எழுதினாள். வேறொன்றை வைத்துப் பார்த்தார்கள், அதுவும் அதே அளவில் நின்றது. விறகடுப்பு என்பதாலா, ஊற்றுத் தண்ணீர் என்பதாலா என்று கிளைகள் பிரிந்தன. ஆய்வக வெப்பமானி துண்டில் சுற்றப்பட்டு ஒவ்வொரு வீடாகப் போய்வந்தது. எங்கள் பள்ளியைச் சுற்றியிருந்த ஊர்த்தொகுதியான எடப்புளி நாட்டின் சிற்றூர்கள் ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடப்பவை. எண்களும் அப்படியே கொஞ்சம் கூடியும் குறைந்தும் வந்தன.

தலைவி ஒரு சட்டம் வைத்தாள். எந்தப் பாத்திரம், என்ன அடுப்பு, யார் பார்த்தது என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை. ஒருநாள் ஒரு மாணவன் தன் வரிசையில் அழகாக நூறு என்று போட்டிருந்தான். அவள் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கமெண்ட் மட்டும் வைத்தாள்: "பாத்தியா, படிச்சியா?" இரண்டு நாள் கழித்து அவன் பதில் போட்டான்: "புக்குல படிச்சேன்." பிறகு அவனே நூறை எடுத்துவிட்டு, அடுப்பு மூட்டி அளந்து, வேறு எண்ணை எழுதினான். நான் வகுப்பில் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அறிவியல் என்றால் என்ன என்பதை அந்த இரண்டு சொல்லில் சொல்லியிருக்க முடியாது.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ஒரு காலை வகுப்புத் தலைவியின் அப்பா பள்ளிக்கு வந்தார். மரவள்ளியும் மிளகும் பயிரிடுபவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். தலைமையாசிரியர் அறையில் நின்றபடியே பேசினார்.

"ஏனுங்க டீச்சர், பாடம் சொல்லிக் குடுக்கறது உங்க வேலைதானுங்க? நீங்க கேள்வியப் போட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சுடறீங்க. இவ போனத் தூக்கிக்கிட்டுப் பாறை பாறையா அலையறாளுங்க. கேட்டா, டீச்சர் சொல்ல மாட்டாங்க, நாங்கதான் கண்டுபிடிக்கோணும்ங்கறா. நாங்க படிக்கலீங்க. அவளுக்குச் சொல்லித் தர ஊட்ல ஆளில்லீங்க."

பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன், இது அதற்குமேல் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. சொல்லித் தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளையிடம் நீயே தேடு என்று சொல்வது கொடையா, கைவிடுவதா? நடு ஆண்டில் அவர் மகளை மலையிலிருந்து இறக்கி, கீழே நாமக்கல் பக்கத்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே போன் கிடையாது. விடியலிலிருந்து படிப்பு, பரீட்சை, மறுபடி படிப்பு. அவள் என்னிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

அவள் போனபின் ஷீட் தேங்கிவிட்டது. எண்கள் இருந்தன, ஆனால் எல்லாமே மலையின் எண்கள். சமவெளியில் ஓர் அளவு இல்லாமல் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது பிள்ளைகளுக்கே புரிந்திருந்தது. "நீங்க ஊருக்குப் போறப்ப அளந்துட்டு வாங்க டீச்சர்" என்று கெஞ்சினார்கள். செய்யலாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்த நாட்களில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து ஷீட்டில் புதிய வரிசை முளைத்தது. ஊர்: விடுதி. பாத்திரம்: சோத்து அண்டா. அடுப்பு: கேஸ். பார்த்தது: நானும் சமையல் அக்காவும். அளவு: தொண்ணூற்றொன்பது. பக்கத்தில் ஒரு கமெண்ட்: "பாத்தேன்."

அவள்தான். அளக்கும் முறை அவள் வீட்டுக்கு வந்து அங்கே இருந்தபோது, ஆய்வக வெப்பமானி ஒன்று அப்படியே டிரங்குப் பெட்டியில் ஏறி மலையிறங்கிவிட்டது. போன் அந்தச் சமையல்கார அக்காவுடையது, லிங்க்கை மலையிலிருந்த தோழி அதற்கு அனுப்பியிருந்தாள்.

மறுநாள் வகுப்பில் நான் பேச இடமே இல்லை. ஒரு மாணவி வரிசைகளை உயரப்படி மாற்றி அடுக்கியிருந்தாள். உச்சியில் இருந்த ஊர் மேலே, விடுதி கடைசியில். கீழே வர வர எண்கள் படியேறுவதுபோல ஒழுங்காகக் கூடின. மேலே போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது என்றால், மேலே எது குறைகிறது? புத்தகத்தில் நாங்கள் இன்னும் தொடாத பக்கங்களை அவர்களே புரட்டி, காற்றழுத்தத்தைப் பிடித்துவிட்டார்கள். ஒருவரையொருவர் மறித்து எனக்கு விளக்கினார்கள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா மறுபடி வந்தார். சமையலறையில் மகள் போனும் வெப்பமானியுமாகப் பிடிபட்டதற்கு விடுதிக் காப்பாளர் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்துத் திட்டியிருந்தார். வெப்பமானியைத் தோள்துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"பள்ளிக்கூடத்து சாமானுங்க. எடுத்துக்கிட்டுப் போயிட்டா. மன்னிச்சுக்கோங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அவ அப்படி என்னத்தைத்தானுங்க பாத்தா?"

நான் விளக்கவில்லை. அவளுடைய தோழியைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் போனைத் திறந்து, ஊர் ஊராக விரல் வைத்துக் காட்டினாள். அவருடைய வீட்டின் வரிசையை அவள் வாசித்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். "இது எங்கூட்டு அடுப்புங்களா?" என்றார். "ஆமாங்க மாமா. கடைசில இருக்கறதும் உங்க புள்ள பாத்ததுதானுங்க." அவர் குனிந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை தானே விரல் ஓட்டிப் பார்த்தார். "ஊருக்கு ஊரு வெந்நியே மாறுதுங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மகளைத் திரும்ப அழைத்துவருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அழைத்துவரவில்லை. அவள் அங்கேயே படித்து முடித்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகளில் எனக்கும் மாற்றல் வந்து, முள்ளுக்குறிச்சி பக்கம் ஒரு பள்ளிக்கு இறங்கிவிட்டேன். இங்கே வகுப்புக்குள்ளேயே சிக்னல் இருக்கிறது.

போன மாதம் அவள் என்னைப் பார்க்க வந்தாள். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். காபி ஆறும்வரை பழைய கதைகள் பேசினோம். திடீரென்று கேட்டாள்: "அன்னைக்கு உங்களுக்கு விடை தெரியும்தானுங்க டீச்சர்?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் சொல்லாம இருந்தீங்க." சிரிக்கவில்லை. "எனக்கு ரொம்பக் கோவம் அப்ப. எங்கப்பா திட்டறப்ப எல்லாம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னன்னு நெனைப்பேனுங்க. இப்பவும் அந்தக் கோவம் கொஞ்சம் இருக்குதுங்க."

அவளுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருந்தது. அந்தத் தண்ணீர் அவளுக்கு என்ன தந்தது என்று எனக்குத் தெரியும், என்ன வாங்கிக்கொண்டது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவள் போனை எடுத்தாள். கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து எழுதும் ஒரு ஷீட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் காது அடைக்கும் வளைவு ஏன் வேறுபடுகிறது, ஒரே ஆளுக்கே ஏறும்போது ஓரிடத்திலும் இறங்கும்போது வேறிடத்திலும் ஏன் அடைக்கிறது என்பது கேள்வி.

"இதுக்கு விடை தெரியுங்களா?"

படித்துப் பார்த்தேன். பொதுவாக ஏதோ சொல்லியிருக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவே தெரியாதுங்களா?"

"நெசமாவே தெரியாது."

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பச் சரிங்க" என்றாள். "உங்க மெயில் ஐடி சொல்லுங்க, உங்களையும் சேத்துக்கறேன்."