இந்தாங்க தராத சாவி

என் ஓரகத்திக்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் 'இந்தாங்க'. கேட்ட வாய் மூடுவதற்குள் "இந்தாங்க" என்று நீட்டிவிடுவாள். குளிக்கப் போகிறவளிடம் யாராவது அவசரம் என்றால் போதும், நிரப்பி வைத்த வாளியையும் சோப்பையும் கொடுத்துவிட்டு வெளியே காத்து நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இப்படி ஒரு நல்லவள் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். நான் ஒரு வேளை 'முடியாது' என்று சொன்னால், என் மாமியார் வாயே திறக்காமல் அவளை ஒரு பார்வை பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவள் எலக்ட்ரீஷியன் ஆகப் போகிறேன் என்று கிளம்பினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தாள். அவர் அவளை ஏணி பிடிக்க வைத்தார், ஒயர் சுமக்க வைத்தார். சான்றிதழ் கைக்கு வந்தால்தான் ஏணிமேல் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பயிற்சி நிலையத்துக்கு வந்தாள். அங்கே ஸ்டோர் ரூம் என் ராஜ்யம். ஒரு ஸ்க்ரூ வேண்டுமென்றாலும் என் ஜன்னலில் வந்துதான் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே தேர்வு நடக்கும் கூடம். அதனால் நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது.

கரண்டில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய சடங்கு ஒன்று உண்டு. டெஸ்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சரியான சுவிட்சை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் லைனில் கரண்ட் இல்லை என்று சோதிக்க வேண்டும். சோதித்த டெஸ்டரே நடுவில் உயிரை விட்டிருந்தால்? அதனால் அதையும் மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். சாவி கைமாறக் கூடாது.

முதல் தடவை அத்தனையும் பிசகாமல் செய்தாள். கடைசியில் தேர்வாளர் சும்மா கையை நீட்டி, "அந்தச் சாவியைக் கொஞ்சம் குடும்மா" என்றார்.

"இந்தாங்க சார்."

அவ்வளவுதான், ஃபெயில்.

"பெரியவர் கேக்கறார், எப்படிக்கா குடுக்காம இருக்கறது?" என்று என் ஜன்னலில் வந்து அழுதாள்.

"உயிரைக் கேட்டாலும் குடுப்பியா?"

"அவர் சாவிதானேக்கா கேட்டார்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை சாவியை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று பையை இறுக்கிப் பிடித்ததிலேயே கவனமெல்லாம் போய், டெஸ்டரை மறுபடி பார்க்க மறந்தாள். மறுபடியும் ஃபெயில். மூன்றாவதும் கோட்டைவிட்டால் முழுப் பயிற்சியும் ஆரம்பத்திலிருந்து. வீட்டில் இன்னொரு வருஷம் விடமாட்டார்கள். ஆயுசுக்கும் ஏணிதான் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் தடவை, பயிற்சிப் பலகை பழுதாகிக் கிடந்தது. சரி, கூடத்துச் சுவரில் இருக்கிற நிஜமான பிளக் பாயிண்டையே மாற்றட்டும் என்றார்கள். அந்த லைன்தான் பயிற்சி நிலைய முதல்வரின் அறைக்கும் போகிறது. கரண்டை நிறுத்தப் போகிறோம் என்று காலையிலேயே அவருக்கு அறிவிப்பு போயிருந்தது. படிக்கத்தான் அவருக்கு நேரமில்லை.

அவள் பூட்டினாள், அட்டை மாட்டினாள், சோதித்தாள், டெஸ்டரையும் மறுபடி பார்த்தாள். பழைய பிளக் பாயிண்டைக் கழற்றி ஒயர் நுனிகளை வெளியே இழுத்த நேரத்தில் முதல்வர் புயலாக வந்தார்.

"யாரும்மா பூட்டினது? பெரிய ஆளுங்களோட மீட்டிங், பாதியில கம்ப்யூட்டர் நின்னு போச்சு! சாவியைக் கொடு."

அவள் கை தானாகப் பையை நோக்கிப் போனது. போச்சு, இன்றைக்கும் கொடுக்கப் போகிறாள்.

கை பையின் மேலேயே நின்றது.

"தர முடியாது சார். வேலை முடிஞ்சதும் நானே திறக்கறேன் சார்."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியும் சார். மன்னிச்சுக்கங்க சார். தர மாட்டேன் சார்."

இத்தனை சார் போட்டு யாரும் மறுத்து நான் கேட்டதில்லை. முதல்வர் தேர்வாளரைப் பார்த்தார். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு, "பூட்டு அவங்களோடது சார்" என்றார்.

முதல்வர் என் ஜன்னலுக்கு வந்தார். "பூட்டை அறுக்கற கட்டர் இருக்கில்ல? எடு."

எனக்கும் வேலை போய்விடுமோ என்று பயம்தான். ஆனால் அங்கே கம்பி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் வீட்டுப் பெண். அவளைத் திட்டுகிற உரிமை எனக்கு, எனக்கு மட்டும். மேசையிலிருந்த பதிவுச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இருக்கு சார். எதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. 'ஒரு பொண்ணு உள்ள கைய வச்சிருக்கும்போது பூட்டை அறுக்க'ன்னு எழுதிடட்டுமா? நீங்க கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

முதல்வர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார்.

அவள் அவசரப்படவே இல்லை. புதுப் பிளக் பாயிண்டைப் பொருத்தி, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்து, தன் பூட்டைத் தன் கையால் திறந்து சுவிட்சை ஏற்றினாள். தேர்வாளர் "பாஸ்" என்றார். "எல்லார்கிட்டயும் சாவி கேட்டு ஏமாத்திப் பார்ப்பேன். உங்ககிட்ட எனக்கு அந்த வேலையே இல்லாமப் போச்சு."

அவள் விழித்தாள். "அப்ப முதல்வரை நீங்க அனுப்பலையா சார்?"

"நான் எங்கம்மா அனுப்பறது? அவர் நிஜக் கோபத்துலதான் வந்தார்."

பூட்டைத் திருப்பிக் கொடுக்க என் ஜன்னலுக்கு வந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா, பரீட்சைக்காக நடிக்கிறார்னுல்ல நினைச்சேன்! நிஜமாவே கேட்டிருக்கார்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நிஜம்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டேன்க்கா" என்றாள். "உள்ள இருந்தது என் கை."

எதையும் தன்னுடையது என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.